பின்னாடி நின்னு உதைச்சது யாரு

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி பேட்மின்டன் ஸ்லாட். பெங்களூர்ல மாரத்தஹள்ளி பக்கம் ஒரு தகர ஷெட், உள்ள ஆறு கோர்ட், நாலாவது கோர்ட்ல நாங்க. பின்னாடி நின்னுட்டிருந்த என் மச்சான், நெட்டுக்கிட்ட விழுந்த டிராப் ஷாட்ட எடுக்க ஒரே எட்டுல பாய்ஞ்சான், பாய்ஞ்சவன் ஷட்டில விட்டுட்டு திரும்பி நின்னு "எவன்டா அது"ன்னு கத்தினான். பின்னாடி ஒருத்தரும் இல்ல. பச்சைத் துணி மட்டும்தான் தொங்கிட்டிருந்துச்சு. குதிங்காலுக்கு மேல யாரோ ஷூ காலால ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துச்சாம், பக்கத்து கோர்ட்டு பையன்தான் ராக்கெட்ட விட்டெறிஞ்சுட்டான்னு நினைச்சு சண்டைக்கே கிளம்பிட்டான். எனக்கு கேட்டது சத்தம் மட்டும்தான், "டப்"னு, ஷட்டில் டப்பாவோட மூடிய பிடுங்கும்போது வருமே அந்த மாதிரி. அப்புறம்தான் அவன் மெதுவா தரையில உக்காந்தான். ரொம்ப வலிக்குதாடான்னு கேட்டா, "வலி பெருசா இல்ல மாமா, ஆனா கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு"ன்னான்.

ஆட்டோ பிடிச்சு பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போனோம், பேரு வேணாம். எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு நல்லாயிருக்கு. டியூட்டில இருந்த சின்ன வயசு டாக்டர் பாதத்த மேல கீழ ஆட்டுங்கன்னாரு, இவனும் கொஞ்சம் ஆட்டிக் காட்டினான். ஸ்ப்ரெயின்தான், ஐஸ் வைங்க, அஞ்சு நாள் ரெஸ்ட்னு சொல்லி கிரேப் பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டாங்க. இவனுக்கு ஒரே சந்தோஷம், அடுத்த ஞாயிறு ஸ்லாட்ட கேன்சல் பண்ணாதீங்க மாமான்னு ஆட்டோலயே ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பல. சாயங்காலம் முருகேஷ்பாளையாவுல அவன் வீட்டுக்கு போயி, பேண்டேஜ அவுத்து, கட்டில்ல குப்புற படுக்கவெச்சு, ரெண்டு பாதமும் கட்டில் ஓரத்துக்கு வெளிய தொங்கற மாதிரி வெச்சேன். வலது கெண்டைக்கால் சதைய கைல பிடிச்சு அமுக்கினா பாதம் தானா கீழ வளையுது, பொம்மலாட்டக் கயித்த இழுத்த மாதிரி. இடது கெண்டைய அமுக்கினேன். ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவ நல்லா அமுக்கினேன், பாதம் கொடியில காயப்போட்ட துணி மாதிரி அப்படியே தொங்குது. குதிங்கால்ல இருந்து நாலு விரக்கடை மேல தடவிப் பாத்தா கெட்டியா கயிறு மாதிரி இருக்க வேண்டிய இடத்துல என் விரல் உள்ள போகுது. என் வொய்ஃப் அதப் பாத்துட்டு எழுந்து வெளிய போயிட்டா.

நான் டாக்டர் இல்ல, பெல்லந்தூர்ல சாஃப்ட்வேர் கோட் அடிக்கற ஆளு. ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இதே இடத்துல எனக்கு பிரச்சனை வந்து, இதே டெஸ்ட்ட என் பிசியோ எனக்கு செஞ்சு காட்டியிருந்தாங்க. தாம்சன் டெஸ்ட்னு பேரு, கெண்டைச் சதைய குதிங்காலோட கட்டற அக்கிலிஸ் டெண்டான், அதாவது குதிங்கால் நாண், அறுந்திருக்கான்னு பாக்கறது. மெஷின் வேணாம், காசு வேணாம், அஞ்சு செகண்டு. பாதத்த ஆட்ட முடியுதான்னு பாக்கறது மட்டும் போதாது, ஏன்னா கணுக்காலுக்கு பின்னாடி வழியா விரல்களுக்கும் உள்பாதத்துக்கும் போற வேற டெண்டான்கள் இருக்கு, பெருசு அறுந்துட்டாலும் இதுங்க சேர்ந்து பாதத்த கொஞ்சம் கீழ இழுத்துக் காட்டிடும். அதனாலதான் முதல் தடவ பாக்கும்போது அஞ்சுல ஒண்ணாவது கண்ணுக்குத் தப்பிடும்னு எலும்பு டாக்டர்களே சொல்றாங்க, அந்த டியூட்டி டாக்டர் மேல எனக்கு கோவம் முழுசா போகலைனாலும் பாதி போயிடுச்சு. பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டுக்கு 2013 ஏப்ரல்ல மேட்ச் நடுவுல இதே நாண் அறுந்துச்சு, மனுஷன் அதே கால்ல நின்னு ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டுட்டுதான் வெளிய போனாரு. நிக்க முடியுது, நடக்க முடியுதுங்கறதெல்லாம் கணக்கே இல்ல. ஒத்தக்கால்ல நின்னு குதிங்கால தூக்க முடியாது, அங்கதான் குட்டு உடையும்.

சரி என் கதை. போன வருஷத்துக்கு முன்வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் டிசிஎஸ் 10கேங்கற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பேரு குடுத்தாங்க, நானும் குடுத்துட்டேன், வயசு 42, அதுவரைக்கும் கப்பன் பார்க்ல வாரத்துக்கு ரெண்டு நாள் மூணு கிலோமீட்டர் ஓடி அதவிட அதிகமா தட்டு இட்லி சாப்பிட்ட ஆளு, திடீர்னு பத்து நாள்ல மூணு எட்டாச்சு, கூடவே ஆஃபர்ல வாங்கின அடிப்பகுதி மெலிசான புது ஷூ. மூணாவது வாரம் காலைல கட்டில்ல இருந்து இறங்கினா வலது குதிங்காலுக்கு மேல துருப்பிடிச்ச கதவு கீல் மாதிரி ஒரு பிடிப்பு. செவுத்த பிடிச்சுட்டு பாத்ரூம் வரைக்கும் பத்து அடி நடக்கறதுக்குள்ள விட்டுடும். ஓட ஆரம்பிச்சா முதல் கிலோமீட்டர் வலிக்கும், அப்புறம் காணாம போயிடும், சாயங்காலம் உக்காந்து எழுந்தா டபுளா வரும். இந்த "ஓடினா சரியாயிடுது"ங்கற ஏமாத்து வேலைதான் இந்த வியாதியோட கையெழுத்து, அத நம்பி ரெண்டு மாசம் ஓடினேன்.

வீட்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், நரம்பு பிசகிடுச்சு. நம்ம ஊர்ல தோலுக்கு கீழ நீளமா தட்டுப்படற எதுவா இருந்தாலும் நரம்புதானே. அம்மா காய்ச்சின எண்ணெய் போட்டு நீவினாங்க, அல்சூர்ல சுளுக்கு எடுக்கற ஒரு தாத்தாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவரு கட்டைவிரலால அமுக்கின அமுக்குல எனக்கு கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஞாபகம் வந்துட்டாங்க. ஆனா அது நரம்பே இல்ல. கெண்டைக்கால்ல இருக்கற ரெண்டு சதையும் கீழ வர வர சேர்ந்து ஒரே நாணா முறுக்கி குதிங்கால் எலும்போட பின்பக்கத்துல போயி ஒட்டுது, தமிழ்ல தசைநாண்னு அழகா ஒரு சொல் இருக்கு, வில்லோட நாண் மாதிரி. உடம்புலயே பெரிய நாணும் பலமான நாணும் இதுதான், கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் நீளம், ஓடும்போது நம்ம எடையப் போல ஆறேழு மடங்கு இழுப்ப ஒவ்வொரு எட்டுக்கும் வாங்குது. இவ்ளோ பலம் வெச்சுட்டு ரத்த ஓட்டம் மட்டும் கஞ்சத்தனம், அதுலயும் குதிங்கால் எலும்புக்கு மேல ரெண்டுல இருந்து ஆறு சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கற பகுதிக்கு ரொம்ப கம்மி. எனக்கு வீங்கினதும் அங்கதான், மச்சானுக்கு அறுந்ததும் அங்கதான். இந்த நாணுக்கு பேரு குடுத்த வீரன் அக்கிலிஸ அவங்கம்மா ஸ்டிக்ஸ் நதியில முக்கும்போது குதிங்கால பிடிச்சதால அந்த இடம் மட்டும் நனையல, அங்க அம்பு பட்டுதான் செத்தான்னு கிரேக்கக் கதை, நம்ம கிருஷ்ணரும் ஜரான்னு ஒரு வேடன் மான்னு நினைச்சு விட்ட அம்பு கால்ல பட்டுதான் போனாரு. ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் கால்மேல ஏதோ சந்தேகம் இருந்திருக்கு.

ஆறு வாரம் சுத்தமா ஓடாம இருந்தேன். வலி போச்சு. ஓடினேன். வலி வந்துச்சு. திரும்ப நாலு வாரம் ரெஸ்ட், திரும்ப அதே. அப்புறம்தான் இந்திராநகர்ல அந்த பிசியோகிட்ட போனேன், திருநெல்வேலிக்காரங்க, பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. நாணுல ரெண்டு விரல வெச்சு கிள்ளிப் பாத்துட்டு "இது புண்ணு இல்ல சார் ஆறுறதுக்கு, பிரிஞ்ச கயிறு, வேலை குடுத்தாத்தான் திரும்ப முறுக்கும்"னாங்க. முன்னெல்லாம் இத டெண்டினைட்டிஸ்னு சொல்லி வீக்கம் குறையற மாத்திரையா குடுத்துட்டிருந்தாங்க, ஸ்கேன்லயும் மைக்ராஸ்கோப்லயும் பாத்தா அங்க பெரிய அழற்சி எதுவும் இல்ல, நார் நாரா ஒழுங்கா இருக்க வேண்டியது கலைஞ்சு தடிச்சுப் போயிருக்கு, அதனால இப்போ டெண்டினோபதின்னு மாத்திட்டாங்க. ரெஸ்ட் எடுத்தா வலி அடங்கும், ஆனா நாண் அதவிட சோம்பேறி ஆகிடும், திரும்ப ஓடப்போனா தாங்காது. இத யாராவது முதல் மாசமே சொல்லியிருந்தா எனக்கு எட்டு மாசம் மிச்சம்.

வைத்தியம் என்னன்னா மாடிப்படி. எங்க அபார்ட்மெண்ட் ரெண்டாவது மாடிப்படி கிரானைட் ஓரத்துல முன்பாதத்த மட்டும் வெச்சு நிக்கணும், நல்ல கால வெச்சு மேல ஏறணும், வலிக்கற கால்ல மட்டும் வெயிட்ட போட்டு குதிங்கால படிக்கு கீழ மெதுவா இறக்கணும். 15 தடவ, மூணு செட், முட்டி நேரா வெச்சு. அதே மூணு செட் முட்டிய மடக்கி, ஏன்னா அப்போதான் அடியில இருக்கற சோலியஸ் சதை வேலை செய்யும். காலை மாலை ரெண்டு வேளை, வாரத்துல ஏழு நாளும், 12 வாரம். கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 180. ஸ்வீடன்ல அல்ஃப்ரெட்சன்னு ஒரு ஆர்த்தோ டாக்டர் 1998ல வெளியிட்ட முறை, அவருக்கே குதிங்கால் நாண் வலியாம், ஆபரேஷன் பண்ணுங்கன்னு மேலதிகாரிகிட்ட கேட்டா அவரு லீவு குடுக்க முடியாதுன்னுட்டாராம், அறுந்தாலாவது பண்ணுவாங்கல்லன்னு வீம்புக்கு பாரம் ஏத்தி பயிற்சி பண்ணப்போயி வலி போயிடுச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. அந்த முதல் ஆய்வுல 15 ஓட்டக்காரங்க, 15 பேரும் திரும்ப ஓடினாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல அவ்ளோ சுத்தமா வரல, எல்லாருக்கும் பலிக்கறதில்ல, இப்போ வாரத்துக்கு மூணு நாள் ஜிம்ல நல்ல வெயிட் போட்டு ரொம்ப மெதுவா ஏத்தி இறக்கற முறையும் அதே அளவு பலன் குடுக்குதுன்னு 2015ல காட்டியிருக்காங்க. ஜிம் போற பழக்கம் இருந்தா அதுதான் லாபம், 180 எண்ணி எண்ணி எனக்கு பைத்தியம் பிடிச்சுது.

முதல் ரெண்டு வாரம் வலி கூடிச்சு. அங்கதான் நிறைய பேரு விட்டுடறாங்க. பத்துக்கு அஞ்சு மார்க் வரைக்கும் வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைல அந்த முதல் பத்து அடி நேத்தவிட மோசமா இருக்கான்னு மட்டும் பாருங்கன்னு பிசியோ சொன்னாங்க, அந்த ஒரு அளவுகோல்தான் என்னை காப்பாத்துச்சு. வலியில்லாம வந்ததும் முதுகுப் பையில அஞ்சு கிலோ அரிசி மூட்டைய போட்டுட்டு இறக்கினேன், பால் பாக்கெட் போடற பையன் தினம் காலைல என்னை சுத்திட்டு மேல போவான், ஒரு நாள் தாங்காம "ஏனு சார், ஹரக்கேனா"ன்னு கேட்டுட்டான், ஏதோ வேண்டுதல்னு நினைச்சிருக்கான்.

இதுல ஒரு முக்கியமான விஷயம், நாணோட நடுவுல வலிச்சாதான் இந்த மாதிரி படிக்கு கீழ இறக்கலாம். குதிங்கால் எலும்புல ஒட்டற இடத்துலயே வலி, ஷூவோட பின்விளிம்பு உரசினாலே உயிர் போகுதுன்னா அது வேற வகை, அங்க கீழ இறக்கினா எலும்பு நாண நசுக்கும், சமதரையில நின்னு தூக்கி இறக்கறதோட நிறுத்திக்கணும். யூடியூப்ல ஒரே வீடியோவ பாத்து ரெண்டு பேரும் பண்றாங்க, ஒருத்தருக்கு நல்லாகுது, இன்னொருத்தரு படுத்துடறாரு.

அப்புறம் ஹீல் லிஃப்ட், ஷூக்குள்ள ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டி ரப்பர் துண்டு, நாணுக்கு இழுப்பு குறையும். ஷூக்குள்ள வெக்கறது சரி, நம்ம நாள்ல பாதி வெறுங்கால்லதானே வீட்டுக்குள்ள போகுது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்கன்னு பிசியோ சொல்லிட்டாங்க. எங்கம்மாகிட்ட இத சொன்ன அன்னிக்கு நடந்த சண்டை இருக்கே. "செருப்பு காலோட அடுப்பங்கரைக்கு வந்தீன்னா நான் ஓசூருக்கே போயிடறேன்"னாங்க. கடைசில ஒரு சமரசம், புதுசா ஒரு ஜோடி, வாசல் தாண்டாதது, பூஜை ரூம் ஓரம் வரைக்கும் அனுமதி. சோமேஸ்வரர் கோயிலுக்கு மட்டும் மூணு மாசம் போகல, அந்த கல் தரையில வெறுங்கால்ல சுத்தி வந்த அன்னிக்கு ராத்திரி பட்டது போதும்.

இடையில ஒரு கிளினிக்ல ஸ்டீராய்டு ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்னாங்க. போடல, போடாதது நல்லதாப் போச்சு, நாணுக்குள்ள ஸ்டீராய்டு போனா வலி அடங்கும் ஆனா நாண் பலவீனமாகி அறுந்துபோற ஆபத்து இருக்கு. நம்ம ரத்தத்தையே எடுத்து சுத்தி திரும்ப ஏத்தற பிஆர்பி ஊசி, பில்லு பெருசு, உப்புத்தண்ணி ஊசியோட ஒப்பிட்டு 2010ல நெதர்லாந்துல பாத்ததுல பெரிய வித்தியாசம் தெரியல. பயிற்சி பண்ணியும் மாசக்கணக்கா சரியாகலைன்னா ஷாக்வேவ்னு வெளிய இருந்து அதிர்வலை குடுக்கற சிகிச்சை பண்றாங்க, அதுக்கு கொஞ்சம் ஆதாரம் இருக்கு. இதவிட நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது வயித்துப்போக்குன்னா மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமயே வாங்கி முழுங்கற சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக். இந்த குடும்பத்து மாத்திரைங்க நாண கெடுக்கும், அறுந்துகூட போகலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2008லயே மருந்தோட விவரச் சீட்டுல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு. 60 வயசு தாண்டினவங்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கறவங்களுக்கும் இன்னும் ஆபத்து. டாக்டரு குடுத்தா அவருக்கு காரணம் இருக்கும், எடுத்துக்குங்க, குதிங்கால் நாண் வலிச்சா உடனே அவர்கிட்ட சொல்லுங்க. கடைக்காரரு குடுத்தா ஓஆர்எஸ் வாங்கிட்டு வாங்க.

மச்சானுக்கு வர்றேன். மறுநாள் திங்கக்கிழமை ஆர்த்தோகிட்ட போனோம், அவரும் முதல்ல கெண்டைய அமுக்கினாரு, அமுக்கிட்டு எங்கள பாத்தாரு, அவ்ளோதான். அல்ட்ராசவுண்ட்ல முழுசா அறுந்திருக்குன்னு வந்துச்சு. நாளைக்கே ஆபரேஷன்னாரு. மாமியார் அழ, மாமனார் இன்சூரன்ஸ் கார்ட தேட, நான் இன்னொருத்தர் கிட்டயும் கேட்டுடலாம்னேன். ரெண்டாவது டாக்டர் பாதத்த கீழ வளைச்சு வெச்சு திரும்ப ஸ்கேன்ல பாத்தாரு, அறுந்த ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொடுது. அப்படின்னா கத்தி வெக்காமயும் ஒட்டும்னாரு. எங்க யாருக்கும் நம்பிக்கை வரல, அறுந்த கயிறு தானா எப்படி ஒட்டும்? அவரு எடுத்து சொன்னது நார்வேல 526 பேர வெச்சு செஞ்சு 2022ல வந்த ஆய்வு, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ஆபரேஷன் பண்ணவங்களும் பண்ணாதவங்களும் நடக்கறது ஓடறதுல ஒரே மாதிரிதான். வித்தியாசம் எங்கன்னா திரும்ப அறுந்துபோறது, ஆபரேஷன் இல்லாதவங்கள்ல நூத்துக்கு ஆறு பேருக்கு, பண்ணவங்கள்ல ஒருத்தருக்கும் கம்மி. அதுக்கு பதிலா கத்தி வெச்சவங்களுக்கு நரம்பு அடிபட்டு பாத ஓரம் மரத்துப்போறது அதிகம், இங்க நிஜமாவே நரம்பு. கூடவே புண்ணு ஆறாம சீழ் வெக்கற ஆபத்து, அந்த இடத்துல தோலுக்கும் நாணுக்கும் நடுவுல சதையே கிடையாது. மச்சான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் தம் அடிக்கறவன், தம்மும் சுகரும் இருந்தா புண்ணு ஆறாது. அதுதான் கடைசில முடிவு பண்ணிச்சு. இருபத்தஞ்சு வயசுல லீக் ஆடற பையனா இருந்திருந்தா, இல்ல மூணு வாரம் ஸ்ப்ரெயின்னு நினைச்சு நடந்துட்டு வந்திருந்தா, அவரே ஆபரேஷன்தான் பண்ணியிருப்பேன்னாரு.

கால்ல மாட்டற பூட்ஸ் வந்துச்சு, விண்வெளிக்கு போறவங்க போடற மாதிரி சாம்பல் கலர்ல. உள்ள குதிங்காலுக்கு அடியில முக்கோணமா அடுக்கடுக்கா வெட்ஜ், பாதம் பாலே ஆடறவங்க மாதிரி கீழ பாத்தபடி இருக்கணும், ரெண்டு முனையும் தொட்டுட்டே இருக்கறதுக்கு. வாரம் போகப் போக ஒவ்வொரு வெட்ஜா உருவுவாங்க. தூங்கும்போதும் கழட்டக்கூடாது. குளிக்கறப்ப பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து, பூட்ஸ் கால கவுத்த பக்கெட் மேல தூக்கி வெச்சு, பெரிய குப்பை கவர் போட்டு கட்டி, வெளிய அவன் வொய்ஃப் "வழுக்கிட போகுது வழுக்கிட போகுது"ன்னு கதவு தட்ட. கெண்டைச் சதை அசையாம இருந்தா கால்ல ரத்தக்கட்டி வரலாம்னு கொஞ்ச நாள் ரத்தம் உறையாம இருக்க ஊசி. பத்தாவது வாரம் பூட்ஸ அவுத்தப்போ இடது கெண்டைக்கால் எங்க ஏழு வயசு பாப்பாவோடது மாதிரி இருந்துச்சு, அவனே பாத்துட்டு சிரிச்சான், அப்புறம் கொஞ்ச நேரம் பேசல.

அன்னில இருந்து பிசியோ. என்னோட பயிற்சிய பாத்து இவனும் படியில குதிங்கால கீழ இறக்கப்போயி நல்லா திட்டு வாங்கினான். புதுசா ஒட்டின நாண் இழுத்தா நீண்டுடும், நீண்டு போச்சுன்னா காலத்துக்கும் தள்ளி எழும்ப வலு வராது, அதனால இவன் பல மாசத்துக்கு ஸ்ட்ரெட்ச்சே பண்ணக்கூடாது, மேல தூக்கறது மட்டும்தான். ஒரே நாண், எனக்கு பண்ணு பண்ணுன்னது அவனுக்கு தொடாதேன்னுட்டாங்க. கிரிக்கெட் பவுலர் ஷமிக்கு 2024 பிப்ரவரில அக்கிலிஸ் ஆபரேஷன் ஆகி, இங்க பெங்களூர் என்சிஏ கிரிக்கெட் அகாடமில மாசக்கணக்கா கிடந்து, நவம்பர்லதான் பெங்காலுக்கு ரஞ்சி மேட்ச் இறங்கினாரு, அவருக்கே அவ்ளோ நாள்னா உனக்கு என்ன அவசரம்னு தினம் யாராவது ஒருத்தர் இவனுக்கு சொல்லிட்டிருக்கோம்.

இப்போ எட்டாவது மாசம். தம் நாலா குறைஞ்சிருக்குன்னு சொல்றான், எனக்கு நம்பிக்கை இல்ல. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தான், செவுத்துல ரெண்டு விரல மட்டும் வெச்சுட்டு இடது கால்ல நின்னு குதிங்கால தூக்கினான், பாப்பா எண்ணினா. ஏழு. எட்டாவதுல கால் நடுங்கி இறங்கிடுச்சு. நல்ல கால்ல இருபத்தஞ்சு. பாப்பா நோட்டுல ரெண்டையும் எழுதி கழிச்சுப் பாத்துட்டு பதினெட்டு பாக்கின்னா, இவன் அத கவனிக்கவே இல்ல, "மாமா என் ராக்கெட் உங்க வீட்லதானே இருக்கு, ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கும், சும்மா அத மட்டும் மாத்தி வெச்சுக்கறேனே"ன்னு மெதுவா கேட்டான். உள்ள சாம்பார் தாளிச்சுட்டிருந்த என் வொய்ஃப் கரண்டிய கீழ வெச்ச சத்தம் ஹால் வரைக்கும் கேட்டுச்சு.